எதற்காகக் கராத்தே பழக வந்தீர்கள்?

சனிக்கிழமை காலை ஏழரை மணி. கண்டி நகரின் மண்டபம் ஒன்றின் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. உள்ளே, குளிர் இன்னும் விடாத சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு முப்பது பேரளவில் நிற்கிறார்கள். முன்வரிசைச் சிறுமிக்கு ஏழு வயதிருக்கும். வெள்ளைப் பட்டியின் ஒரு முனை அவள் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்தி குனிந்து அதை அவிழ்த்து, இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சை இறுக்கிவிடுகிறாள். கடைசி வரிசையில் நாற்பதைத் தாண்டிய ஒருவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறார்.

மூவரும் ஒரே பயிற்சியைத்தான் செய்யப் போகிறார்கள். வந்த காரணமோ ஆளுக்கு ஒன்று. சிறுமி படம் பார்த்து ஆசைப்பட்டவள். அக்கா தினமும் பஸ்ஸில் தனியாகப் போய்வருபவள். அந்த ஐயாவுக்குச் சீனி கூடியிருப்பதாகக் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். வந்த காரணம் தெளிவாக இருந்தால்தான் எந்தக் கலை பொருந்தும், எவ்வளவு பழகலாம், எதில் கவனம் வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகும்.

மலைநாட்டுக்குப் பழகிய கலை

பிலிமத்தலாவைக்கு அருகிலுள்ள எம்பக்கை தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்குரியது. பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கோயிலின் மரத்தூண்களில் அன்னமும் இரட்டைத் தலைக் கழுகும் நடனப் பெண்ணும் இருக்கும் வரிசையில் மல்லர்களும் இருக்கிறார்கள். ஒருவரையொருவர் பிடித்து மடக்கும் அந்தச் சிற்பத்தின் முன் நின்று பார்த்தால், மலைநாட்டுக்குப் போர்க்கலை எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பது விளங்கும்.

சிங்கள மக்களின் மரபுப் போர்க்கலையான அங்கம்பொர கண்டி அரசு காலத்தில் படைவீரரின் பயிற்சியாக இருந்தது. 1815இல் கண்டி பிரித்தானியர் வசமாகி, 1817-1818 ஊவா கிளர்ச்சியும் அடக்கப்பட்ட பிறகு அது ஒடுக்கப்பட்டது. சில குடும்பங்களே அதை மறைவாகக் காத்துவந்தன. தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் சிலம்பத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். அன்று அரசனுக்காகவும் ஊருக்காகவும் பழகினார்கள். இன்று நமது உடலுக்காகவும் மனதுக்காகவும் பழகுகிறோம்.

இரண்டு நோஞ்சான் பிள்ளைகள்

உலகெங்கும் பரவிய இரண்டு கலைகளை வளர்த்தவர்கள், சிறுவயதில் பலவீனமாக இருந்த இருவர். 1860இல் ஜப்பானில் பிறந்த ஜிகோரோ கானோ உருவத்தில் சிறியவர். பாடசாலையில் பெரிய பையன்களிடம் அடிவாங்கியதால்தான் ஜூஜிட்சு கற்கப் போனார். 1882இல், இருபத்தொரு வயதில், அதைச் செப்பனிட்டு ஜூடோவைத் தொடங்கினார். ஒகினாவாவில் 1868இல் குறைமாதத்தில் பிறந்த கிச்சின் ஃபுனகோஷி நோயாளிப் பிள்ளை. கராத்தே பழகப் பழக உடம்பு தேறியது. அந்தக் கலையை ஜப்பான் முழுவதும் பரப்பிய அவர் 1957 வரை வாழ்ந்தார்.

ஒருவரைப் பயமும் மற்றவரை நோயும் கொண்டுவந்து சேர்த்தன. இன்று கண்டியில் வகுப்புக்கு வருவோரிடம் கேட்டாலும் இந்த இரண்டும்தான் முதலில் வரும். ஆகவே, “பயந்து போய்ச் சேர்ந்தேன்”, “டொக்டர் சொல்லிச் சேர்ந்தேன்” என்று சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

பயம் என்ற காரணம்

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையில் பெண்களிலும் சிறுமிகளிலும் 90 வீதமானோர் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு தடவையாவது பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 வீதம் மாத்திரமே. மாலை நேரத்தில் கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கோ கம்பளைக்கோ நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் பெண்ணுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

தற்காப்புப் பயிற்சி பயன் தருமா? கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் மாணவியரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. ஆபத்தை முன்கூட்டியே இனங்காணவும், உரத்த குரலில் மறுக்கவும், உடலால் எதிர்க்கவும் 12 மணிநேரம் பயிற்சி பெற்றவர்களிடையே, அடுத்த ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானோர் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதியாக இருந்தனர். குத்தும் உதையும் அதில் ஒரு பகுதிதான். குரலும் விழிப்பும் விலகி ஓடும் வேகமும் அதே அளவு முக்கியம்.

தொல்லை நடந்தால் பழி தொல்லை கொடுத்தவனுக்கே. பழகியிருந்தாலும் பழகாவிட்டாலும் உதவி கேட்கத் தயங்க வேண்டாம். பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929.

உடல் என்ற காரணம்

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும், 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வாரத்தில் இரண்டு நாள், ஒன்றேகால் மணி நேர வகுப்பு என்றால் பெரியவரின் கணக்கு அங்கேயே நிறைந்துவிடும்.

குதிரைமேல் இருப்பதுபோல முழங்காலை மடக்கி நிற்கும் நிலையை ஒரு நிமிடம் செய்து பாருங்கள். தொடை நடுங்கும். உடலின் மிகப் பெரிய தசைகள் அப்போது வேலை செய்கின்றன. வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்கிறது. ஒற்றைக்காலில் நின்று உதைக்கும்போது உடல் சமநிலையைக் கற்கிறது. அசைவுகளை வரிசை மாறாமல் செய்யும்போது நினைவாற்றலுக்கும் வேலை கிடைக்கிறது.

முதியவர்களுக்கு மெதுவான அசைவுகள் கொண்ட தாய்ச்சி பொருத்தமானது. 2019இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று, உடற்பயிற்சி முதியோர் விழுவதை ஏறத்தாழ 23 வீதம் குறைப்பதாகக் கண்டது. தாய்ச்சியும் விழுவதைக் குறைக்கக்கூடும் என்றது. ஏற்றமும் இறக்கமும் படிக்கட்டுமாக இருக்கும் கண்டியில் வயதானவர் விழாமல் நடப்பதே பெரிய ஆரோக்கியம்.

ஆசை யாருடையது?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று பெற்றோர் தேடத் தொடங்குகிறார்கள். குழப்படி குறைய வேண்டும், கூச்சம் போக வேண்டும், போனைக் கீழே வைக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். நல்ல விருப்பம்தான். ஆனால் அது பெற்றோரின் காரணம், பிள்ளையின் காரணம் வேறாக இருக்கலாம்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு உளவியலாளர்கள் மனிதரின் ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொன்னார்கள்: நானே விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, என்னைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. படத்தில் பார்த்த ஆசை சில வாரங்களில் தேய்ந்துவிடும். அதற்குள் இந்த மூன்றும் கிடைத்தால் பிள்ளை நிலைத்துவிடும். அன்று அக்கா பட்டியைக் கட்டிவிட்டாளே, அதில் மூன்றாவது தேவை நிறைவேறியது. அடுத்த வாரம் அந்தச் சிறுமி தானே கட்டிக்கொண்டு வந்தால் இரண்டாவதும் நிறைவேறிவிடும். முதலாவதைப் பெற்றோர்தான் கொடுக்க வேண்டும். “போக விருப்பமா?” என்று கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள்.

முதலில் வைத்தியரைக் காண வேண்டியவர்கள்

நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தவர்களும், கட்டுப்படாத உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் வைத்தியரின் ஆலோசனை பெறாமல் தொடங்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் குளிர்ந்த காலையில் பயிற்சிக்குப் போகும்போது இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் இரண்டு விடயங்களை மறக்கக் கூடாது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்குப் பயிற்சியின்போது சீனி திடீரென இறங்கலாம். இனிப்பு ஏதாவது பையில் இருக்கட்டும், மாஸ்டருக்கும் தெரிந்திருக்கட்டும். மற்றது கால். கராத்தேயும் ஜூடோவும் வெறுங்காலோடு பழகுபவை. காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சிறு காயம் பட்டாலும் தெரியாது, அது புண்ணாகலாம். கடைசி வரிசையில் நிற்கும் அந்த ஐயா போன்றவர்கள் கிளினிக்கில் காலைப் பரிசோதித்துக்கொண்டு, ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சி குறைந்திருந்தால் சப்பாத்தோடு பயிற்சி செய்யலாமா என்று மாஸ்டரிடம் கேட்கலாம்.

வகுப்பைத் தெரிவுசெய்யும்போது

சேரும் முன் ஒரு வகுப்பை ஓரமாக இருந்து பாருங்கள். உடலைச் சூடாக்கிவிட்டுத் தொடங்குகிறார்களா? தண்ணீர் குடிக்க விடுகிறார்களா? பிழை விட்ட பிள்ளைக்கு அடியும் ஏச்சும் விழுகிறதா? விழுந்தால் அந்த வகுப்பு வேண்டாம். பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்று சொல்லும் இடமும் வேண்டாம்.

சிறுவர்களின் தலையில் அடி விழும் பயிற்சி கூடாது. தலைக்கவசம் மூளையதிர்ச்சியைத் தடுத்துவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. தலையில் அடிபட்டுத் தலைசுற்றினாலோ குழம்பினாலோ அன்றைய பயிற்சி அத்தோடு நிறுத்தப்பட வேண்டும். வாந்தி, அதிக தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி தோன்றினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். போட்டிக்காகப் பிள்ளையைப் பட்டினி போட்டும் தண்ணீர் கொடுக்காமலும் நிறை குறைக்கச் சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். நகம் வெட்டுவதும், உடையைத் தோய்ப்பதும், விரிப்பைச் சுத்தமாக வைப்பதும் படை முதலிய தோல் நோய்களைத் தடுக்கும்.

இந்தச் சனிக்கிழமை

ஒரு கடதாசியில் ஒரே வரி எழுதுங்கள்: “நான் இதற்காகப் பழகப் போகிறேன்.” பயம், சீனி, படம் பார்த்த ஆசை, எது என்றாலும் எழுதலாம். மூன்று மாதம் கழித்து அதை எடுத்துப் பாருங்கள். காரணம் மாறியிருந்தால் மகிழுங்கள், பயிற்சி உங்களுடையதாகிவிட்டது. மாறவில்லை என்றாலும் நட்டமில்லை, அந்த மூன்று மாதமும் உங்கள் உடல் அசைந்திருக்கிறது. இந்தச் சனிக்கிழமை அருகிலுள்ள ஒரு வகுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.