வடதுருவத்திற்கு வழி எது?

மழைக்கோட்டின்மேல் விழுந்த நீர்த்துளி முத்துப்போல் உருண்டோடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒட்டாத தோசைக்கல்லிலிருந்து தோசை தானே எழும்பி வருவதையும் கண்டிருப்பீர்கள். இத்தகைய பொருள்கள் பலவற்றின் பின்னால் நிற்பது புளோரின் என்னும் தனிமம். கரியணுச் சங்கிலி ஒன்றைச் சுற்றிலும் புளோரின் அணுக்களைப் பூட்டிவிட்டால், அதில் நீரும் ஒட்டாது, எண்ணெயும் ஒட்டாது. கரிக்கும் புளோரினுக்கும் உள்ள பிணைப்பு, கரிமச் சேர்மங்களில் காணும் ஒற்றைப் பிணைப்புக்களுள் மிக வலிமை வாய்ந்தது. வெயில், நீர், நுண்ணுயிர் ஆகிய எதுவும் அதை எளிதில் அறுப்பதில்லை. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பளங்களுக்கும், உணவு பொதியும் தாளுக்கும், தீயணைக்கும் நுரைக்கும் இவை ஏராளமாகப் பயன்பட்டன. பி. எஃப். ஏ. எஸ். என்பது இக்குடும்பத்தின் பெயர். உறுப்பினர்கள் பல ஆயிரவர்!

மாணவர்களே, இவற்றின் பயனை விட்டுவிட்டு, இவற்றின் பயணத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

2001ஆம் ஆண்டில் ஜான் கீசி, குருந்தாசலம் கண்ணன் என்னும் இரு அறிஞர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். இவர்களுள் கண்ணன் தமிழ்நாட்டில் கல்வி பயின்றவர். உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய விலங்குகளின் இரத்தத்தையும் ஈரலையும் அவர்கள் சோதித்திருந்தனர். பெர்ஃப்ளூரோ ஆக்டேன் சல்ஃபோனேட் என்னும் சேர்மம் எங்கும் தென்பட்டது. தொழில் நகரங்களின் அருகே வாழும் விலங்குகளில் அது மிகுதியாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் அலாஸ்காவின் பனிக்கரடியின் ஈரலிலும் அது இருந்தது! பனிக்கரடி எந்தத் தோசைக்கல்லைக் கண்டது?

டி. டி. டி. போன்ற பழைய நஞ்சுகள் வடதுருவம் சென்ற வழி முன்பே தெரிந்திருந்தது. அவை வெப்ப நாடுகளில் சிறிது சிறிதாக ஆவியாகும்; காற்றில் மிதந்து போகும்; குளிர்ந்த இடம் வந்ததும் படியும். இச்சல்ஃபோனேட்டோ உப்பைப் போன்றது. நீரில் கரையுமேயன்றி ஆவியாகாது. உப்பளத்தில் நீர் ஆவியாகிவிட, உப்பு தரையிலேயே தங்கிவிடுகிறதன்றோ? கடல்நீரோட்டத்தில் போயிருக்கலாம் என்றால், அப்பயணத்துக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். காற்று விரைவாகச் செல்லும். ஆனால் அதில் ஏறுவதற்கு இதனிடம் சிறகில்லை.

விடையின் ஒரு பாதி கனடாவிலுள்ள டொராண்டோப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஸ்காட் மேபரியும் அவருடைய துணைவர்களும் 2004ஆம் ஆண்டில் அதை வெளியிட்டனர். இத்தொழிலில் புளோரின் ஏற்றிய ஆல்கஹால் வகை ஒன்றும் பயன்படுகிறது. அது ஆவியாகக் கூடியது. காற்றிலே ஹைட்ராக்சில் என்னும் வினைமிக்க துணுக்குகள் உண்டு. அவை அந்த ஆல்கஹாலைத் தாக்கி அழிக்கின்றன. ஆனால் அதற்குச் சுமார் இருபது நாட்கள் ஆகின்றன. இருபது நாட்களில் காற்று கண்டங்களைக் கடந்துவிடும். மேலும், அழிவது வால் மட்டுமே. கரும்பின் சோகையை உரித்தபின் கழி நிற்பதுபோல், புளோரின் பூட்டிய பகுதி எஞ்சி நின்று, எட்டும் ஒன்பதும் கரியணுக்கள் கொண்ட அமிலங்களாக மாறி, பனியோடு பனியாக இறங்கிவிடுகிறது. புறப்படும்போது ஒரு வேடம், இறங்கும்போது வேறு வேடம். பனிக்கரடியில் கண்ட சல்ஃபோனேட்டிற்கும் இவ்வாறே ஆவியாகும் முன்னோடிகள் உண்டு.

இது வெறும் ஊகமா? கனடாவின் வடகோடியில் டெவன் தீவின்மேல் பெரும் பனிக்கவிகை ஒன்று உள்ளது. அவ்வளவு உயரத்தில் கடல்நீர் ஏறாது. மேலிருந்து விழுவது மட்டுமே அங்கே சேரும். அப்பனி அடுக்குக்களில் இந்த அமிலங்கள் இருந்ததை 2007இல் அறிவித்தனர். அளவு மிகச் சிறிது. ஒரு கிராமை இலட்சங்கோடிக் கூறாக்கினால், ஒரு லிட்டரில் பத்திலும் நூறிலும் எண்ணத்தக்க கூறுகளே இருந்தன. பனியிலிருந்த சோடியத்தின் அளவையும் உடன் பார்த்தனர். சோடியம் கடலின் கையொப்பம். அமிலத்தின் அளவு சோடியத்தின் அளவோடு சேர்ந்து ஏறி இறங்கவில்லை. ஆகவே இது கடல் தந்ததன்று என முடிவு செய்தனர். சோதனை எளியது, எனினும் நான் மிகவும் போற்றும் சோதனைகளுள் இதுவும் ஒன்று.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தார் கடல் அலையையே ஆராய்ந்தனர். அலை உடையும்போது காற்றுக் குமிழிகள் நீருக்குள் சென்று மீண்டும் மேலே வருகின்றன. இச்சேர்மங்கள் சோப்பைப் போலக் குமிழியின் மேற்பரப்பை நாடிச் செல்பவை. குமிழி வெடிக்கையில் தெறிக்கும் நுண்துளிகளில், கடல்நீரில் உள்ளதைவிடப் பன்மடங்கு செறிவாக அவை ஏறிவிடுகின்றன. நார்வே நாட்டின் இரு நிலையங்களில் 2018 முதல் 2020 வரை காற்றைச் சேர்த்துச் சோதித்தார்கள். அங்கே சோடியம் ஏறும்போது இவற்றுள் பலவும் ஏறின. டெவன் தீவில் "இல்லை" என்று சொன்ன அதே உப்பு, நார்வேயில் "ஆம்" என்று சொல்லிற்று!

கடலில் விட்ட கழிவு கரைந்து ஒழிந்தது என்று நானே வகுப்பில் பாடம் சொல்லியிருக்கிறேன். அன்று கேட்ட மாணவர்கள் இன்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவ்வரியை அடித்துவிடுமாறு வேண்டுகிறேன்.

இது யாரைத் தொடுகிறது? வடகனடாவில் நூனாவிக் என்னும் பகுதியில் இனுயிட் மக்கள் வாழ்கின்றனர். கடல்நாயும் திமிங்கிலமும் மீனும் அவர்களுடைய மரபுணவு. இச்சேர்மங்கள் புரதத்தைப் பற்றிக்கொண்டு இரத்தத்திலும் ஈரலிலும் தங்குவன. மீனைத் தின்னும் கடல்நாயில் மிகும், கடல்நாயைத் தின்போரில் இன்னும் மிகும். அங்குள்ள கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்தில், ஒன்பது கரியணு அமிலம் கனடாவின் ஏனைய மக்களிடம் உள்ளதைவிட மிகுதி. தாய்ப்பால் வழியே அது குழந்தைக்கும் செல்லும். எட்டுக் கரியணு அமிலம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2023இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் வகைப்படுத்தியது. அம்மக்களோ இவற்றைச் செய்தவருமல்லர், விற்றவருமல்லர். மரபுணவை விட்டுவிடுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லுவதும் எளிதன்று. கடையில் வரும் உணவு அங்கே விலை மிகுந்தது, சத்துக் குறைந்தது.

சல்ஃபோனேட்டை 2009இலும், எட்டுக் கரியணு அமிலத்தை 2019இலும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்தார்கள். சில இடங்களில் அளவு குறைந்தும் வருகிறது. ஆனால் கடலில் முன்பே சேர்ந்த இருப்பைத் திரும்ப எடுக்க வழியில்லை. அலை உடையும் ஒவ்வொரு கரையிலும் அதில் சிறிது காற்றில் ஏறிக்கொண்டேயிருக்கிறது.