கால் மில்லிமீட்டர் இடைவெளி

தருமபுரி மலைப்பக்கம் போலீஸ் அப்பப்போ பறிமுதல் பண்ற நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்தைக் குழல் வாய் வழியாத்தான் கெட்டிக்கணும். பின்பக்கம் அடைப்பு. அதனால நான் இன்னைக்குப் பேசுற ‘ஹெட்ஸ்பேஸ்’ பிரச்சினையே அதுல கிடையாது. (வேற ஆபத்து ஏகப்பட்டது, அது தனிக்கதை.)

பின்னாடி தோட்டா போடுற ரைஃபிள்ல, போல்ட்டை மூடினதும் அதோட முகத்துக்கும் தோட்டாவைத் தடுத்து நிறுத்துற இடத்துக்கும் உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். நம்ம போலீஸ் பல வருஷம் சுமந்த .303-ல தோட்டாவோட அடி விளிம்புதான் தடுப்பு. 1.63 மில்லிமீட்டர் கேஜ் வச்சா போல்ட் மூடணும். ராணுவக் கணக்குல 1.88 வச்சும் மூடுச்சுன்னா ரைஃபிளை ஒதுக்கிடணும். நடுவுல வெறும் கால் மில்லிமீட்டர்!

அதுக்கு ஏன் இவ்வளவு பயம்? வெடிக்கும்போது பித்தளைக் கூட்டோட முன்பகுதி அறைச் சுவர்ல ஒட்டிக்கும்; அடிப்பகுதி போல்ட் வரைக்கும் பின்னால நகரும். இடையில பித்தளை இழுபட்டு மெலியும். அதே கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பிச் சுட்டா, ஒருநாள் அடிக்குச் சற்று மேல வளையமா கிழியும். சூடான வாயு சுடுறவர் முகத்துக்கே வரலாம். வளைச்ச கம்பியை உள்ளே விட்டுத் தடவினா, மெலிஞ்ச இடம் பள்ளமா தட்டுப்படும்.

.22-ல கூட்டை மறுபடி நிரப்புற வேலையே இல்லை. ஆனா இலக்குச் சுடுறவங்கள்ல சிலர் அங்கேயும் விளிம்போட கனத்தை அளந்து, ஒரே கனமுள்ள தோட்டாவை மட்டும் போட்டிக்குன்னு எடுத்து வைப்பாங்க.