மொழிப் பாடத்தில் வரும் அயல்நாட்டுக் கொடி

பள்ளியில் பிரெஞ்சோ ஜெர்மனோ எடுத்துப் படிக்கும் பிள்ளை, முழுதாக ஒரு வாக்கியம் பேசக் கற்பதற்கு முன்பே ஒரு கொடியோடு வீடு வந்து சேரும். சார்ட் பேப்பரில் நீலம், வெள்ளை, சிவப்பு; பக்கத்தில் ஈஃபிள் கோபுரம், ஒரு சேவல், மரியான் என்ற பெண்ணின் முகம். பார்க்கும் பெற்றோருக்கு இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. மொழி படிக்கத்தானே அனுப்பினோம், இன்னொரு நாட்டின் கொடியும் கீதமும் எதற்கு? நம் கேரள அரசின் முத்திரையில் என்ன இருக்கிறது என்றே தெரியாத பிள்ளைக்கு இது அவசியமா? முதல் கேள்விக்கு என் பதில்: அவசியம்தான், ஆனால் இப்போது கற்பிக்கும் விதத்தில் வேண்டாம். இரண்டாவது கேள்வியில் நான் பெற்றோர் பக்கம். அதற்கான பரிகாரத்தையும் அதே மொழி வகுப்பில் தேடலாம் என்பது என் எண்ணம்.

திருவனந்தபுரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இங்கே பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ் உண்டு, ஜெர்மனுக்கு கோதே சென்ட்ரம் உண்டு, வான்றோஸ் சந்திப்பில் ரஷ்யப் பண்பாட்டு மையம் உண்டு. வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான மாநில அரசு நிறுவனமாகத் தைக்காட்டில் இயங்கும் நோர்க்கா ரூட்ஸ் 2021 டிசம்பரில் ஜெர்மனியின் மத்திய வேலைவாய்ப்பு முகமையோடு 'டிரிப்பிள் வின்' ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் வழியாகக் கேரளத்து நர்சுகள் பி1 நிலை வரை ஜெர்மன் படித்துவிட்டு அங்கே வேலைக்குப் போகிறார்கள். மதிப்பெண்ணுக்காக ஏழாம் வகுப்பில் எடுத்த மொழி, சிலருக்கு இருபத்தைந்து வயதில் சோறு போடும் மொழியாகிவிடுகிறது.

பண்பாட்டையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பது அரசின் கொள்கையிலேயே இருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை கொரியன், ஜப்பானிய மொழி, தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், போர்த்துகீசு, ரஷ்யன் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகச் சொல்லி, உயர்நிலை வகுப்புகளில் இவை கிடைக்க வேண்டும் என்கிறது. உலகின் பண்பாடுகளை மாணவர்கள் அறிய வேண்டும் என்பதையே முதல் காரணமாகவும் காட்டுகிறது. 2019 வரைவில் இருந்த சீன மொழி இறுதி வடிவத்தில் இல்லை. எந்த மொழி பள்ளிக்குள் வரும், எது வராது என்பதை அரசுகளுக்கிடையிலான உறவும் தீர்மானிக்கிறது என்பதற்கு இந்த ஒரு மாற்றம் போதும். சிபிஎஸ்இ-யின் 'ஆந்த்ர் ழன்' பிரெஞ்சுப் புத்தகத்தில் குடும்பம், பள்ளி, பருவங்கள், கடைவீதி, உடை, திருவிழா என்று பாடங்கள் போகின்றன. தேர்விலும் பண்பாடு, நாகரிகம் என்று தனிப்பகுதி உண்டு.

இது ஏன் மொழிக்குத் தேவைப்படுகிறது? ஒரு மலையாள நாளிதழில் 'கிளிஃப் ஹவுஸில் ஆலோசனை' என்று தலைப்பு வந்தால் முதலமைச்சரின் இல்லத்தில் கூட்டம் நடந்தது என்று இங்குள்ளவர்களுக்குப் புரியும். அகராதியில் அதற்குப் பொருள் கிடைக்காது. அதேபோல் ஜெர்மன் பத்திரிகை 'கார்ல்ஸ்ரூஹே தீர்ப்பளித்தது' என்று எழுதினால் அது அந்த நகரத்தில் இருக்கும் அரசியலமைப்பு நீதிமன்றம். பிரெஞ்சுப் பத்திரிகையில் 'எலிசே' என்றால் குடியரசுத் தலைவர். கேலிச்சித்திரத்தில் மரியான் அழுதால் பிரெஞ்சுக் குடியரசே அழுகிறது என்று பொருள். இலக்கணம் எல்லாம் கற்ற பிறகும் இவை தெரியாதவர் ஒரு நாள் பத்திரிகையைக்கூட முழுதாகப் படிக்க முடியாது. சின்னங்களைக் கற்பிக்க இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

சிக்கல் கற்பிக்கும் விதத்தில் தொடங்குகிறது. கொடியின் நிறம், தேசியப் பறவை, தேசிய நாள், கீதத்தின் பெயர் என்று நான்கு வரி எழுதிப் போட்டுவிட்டு, தேர்வில் அதையே கேட்கும் பழக்கம் நம் பள்ளிகளில் வேரூன்றியது. அப்படிப் படித்த பிள்ளைக்குச் சின்னம் என்பது என்றைக்கும் மாறாத, யாரும் கேள்வி கேட்காத ஒன்றாகப் பதிந்துபோகும். உண்மையில் எந்த நாட்டின் சின்னமும் அப்படி இருந்ததில்லை.

பிரான்ஸையே எடுத்துக்கொள்வோம். ஜூலை 14 தேசிய நாள் என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். 1789-இல் பாஸ்டில் சிறை தகர்க்கப்பட்ட நாள் என்பார்கள். அதே தேதியில் 1790-இல் மன்னரையும் மக்களையும் ஒரே திடலில் சேர்த்து நடத்திய ஒற்றுமை விழாவும் உண்டு. 1880-இல் இந்த நாளைச் சட்டமாக்கியபோது, ரத்தம் சிந்திய நாளைக் கொண்டாடத் தயங்கியவர்களை இரண்டாவது நிகழ்வு சமாதானப்படுத்தியது. மூவண்ணக் கொடி 1794-இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. மன்னராட்சி திரும்பியதும் 1815 முதல் 1830 வரை வெள்ளைக் கொடி பறந்தது. பிள்ளைகள் ஆசையாக வரையும் சேவலும் மரியானும் 1958 அரசியலமைப்பில் இடம்பெறவே இல்லை. கொடி, கீதம், முழக்கம் மட்டுமே அதில் உள்ளன. அந்த முழக்கத்தின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றும் நம் அரசியலமைப்பின் முகப்புரையிலும் இருப்பதைக் காட்டினால் வகுப்பு விழித்துக்கொள்ளும். அதோடு நிறுத்திவிடக் கூடாது. இவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து தாம் கடன் வாங்கவில்லை என்றும் புத்தரிடமிருந்து பெற்றதாகவும் அம்பேத்கர் 1954-இல் வானொலி உரையில் சொன்னதையும் சேர்க்க வேண்டும். ஒரே முழக்கத்துக்கு இரண்டு நாடுகளில் இரண்டு வம்சாவளிகள் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தால், அன்றைய பாடம் அதன் வேலையைச் செய்துவிட்டது.

ஜெர்மனியின் கதை இன்னும் ஆழமானது. பெர்லின் சுவர் திறந்தது 1989 நவம்பர் 9-ஆம் தேதி. தேசிய நாளோ அக்டோபர் 3, அதாவது 1990-இல் இரு ஜெர்மனிகளும் சட்டப்படி இணைந்த நாள். மக்கள் சுவரேறி ஆடிய நாளை ஏன் விட்டார்கள்? 1938-இல் அதே நவம்பர் 9 இரவில்தான் நாஜிகள் யூதர்களின் வழிபாட்டிடங்களை எரித்தார்கள், கடைகளை நொறுக்கினார்கள். ஒரே தேதியில் மகிழ்ச்சியும் வெட்கமும் கிடக்கும்போது ஒரு நாடு எதைக் கொண்டாடும்? கீதத்திலும் இதே கவனம். ஹோஃப்மன் ஃபான் ஃபாலர்ஸ்லேபன் 1841-இல் எழுதிய பாட்டின் மூன்றாம் பத்தி மட்டும்தான் இன்றைய தேசியகீதம். நாஜிக் காலத்தில் முழங்கிய முதல் பத்தி அதில் இல்லை. மெட்டோ ஹைடன் 1797-இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசருக்காக அமைத்தது. கறுப்பு, சிவப்பு, பொன் கொடியை நாஜிகள் அகற்றினார்கள். 1949-இல் இரு ஜெர்மனிகளும் அதையே எடுத்துக்கொண்டன. 1959-இல் கிழக்கு ஜெர்மனி அதன்மேல் சுத்தியலும் கவராயமும் கொண்ட தன் முத்திரையைப் பொறித்தது. இதையெல்லாம் அறிந்த நர்ஸ் ஒருவர், அக்டோபர் 3 அன்று வார்டில் தன்னோடு வேலை செய்யும் ஜெர்மானியர் உற்சாகம் காட்டாமல் இருந்தால் வியக்க மாட்டார்.

ரஷ்யாவின் சின்னங்கள் இந்த நகரத்தின் கண்முன்னேயே மாறின. பிரபாத் புக் ஹவுஸ் வழியாக மாஸ்கோவின் மலையாளப் புத்தகங்கள் வீடு வீடாகப் போன ஊர் இது. அரிவாள் சுத்தியலை ரஷ்யாவின் அடையாளமாகவே அறிந்து வளர்ந்தவர்கள் இங்கு ஏராளம். 1991-இல் ஜார் காலத்து மூவண்ணக் கொடி திரும்பியது. 2000-இல் சோவியத் கீதத்தின் மெட்டு புதிய சொற்களோடு திரும்ப வந்தது. பழைய சொற்களை எழுதியவர்களில் ஒருவரான செர்கேய் மிகல்கோவ்தான் புதிய சொற்களையும் எழுதினார். சின்னத்தை நான்கு வரியாக மனப்பாடம் செய்தவரிடம் 1991-க்குப் பிறகு என்ன மிஞ்சியிருக்கும்?

இன்னொரு பிழையும் அடிக்கடி நேர்கிறது. ஒரு மொழிக்கு ஒரு கொடி என்று சுவரில் ஒட்டிவிடுகிறோம். ஜெர்மன் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் ஆட்சிமொழி. பிரெஞ்சு பேசுவோரில் பெரும்பங்கினர் இன்று ஆப்பிரிக்காவில். தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகிய தமிழைப் படிக்கும் பிள்ளை பாடும் தேசியகீதம் மலாய் மொழியில் இருக்கிறது. இலங்கையில் 2016 சுதந்திர தின விழாவில் நெடுங்காலத்துக்குப் பிறகு தமிழில் பாடப்பட்ட தேசியகீதம், 2020 விழாவில் சிங்களத்தில் மட்டும் ஒலித்தது. தமிழ் என்றால் எந்தக் கொடி என்று நம்மைக் கேட்டால் நாம் திகைப்போம். அந்தத் திகைப்பு நம் பிள்ளைகளின் பிரெஞ்சு வகுப்பிலும் இருக்க வேண்டும்.

அடுத்து, புத்தகத்தை எழுதுபவர் யார் என்ற கேள்வி. கேந்திரிய வித்யாலயாக்களில் ஜெர்மனை மூன்றாம் மொழியாகக் கற்பிக்க 2011-இல் கோதே நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. 2014 அக்டோபரில் அதை நிறுத்தி சமஸ்கிருதம் முதலான இந்திய மொழிகளுக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். ஏறத்தாழ 70,000 மாணவர்கள், கல்வியாண்டின் நடுவில். பிரிஸ்பேன் ஜி20 மாநாட்டில் ஜெர்மனியின் அன்றைய சான்சலர் மெர்கல் இதைப் பிரதமர் மோடியிடம் எழுப்பினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 அக்டோபரில் இரு நாடுகளும், ஜெர்மனை இந்தியாவில் கூடுதல் அயல்மொழியாகவும் இந்திய மொழிகளை ஜெர்மனியிலும் வளர்க்கக் கூட்டறிக்கை வெளியிட்டன. சண்டை முழுவதும் எந்த மொழி என்பதில்தான் நடந்தது. அந்தப் புத்தகங்களுக்குள் பிள்ளைகள் எந்த ஜெர்மனியைப் படித்தார்கள் என்று கேட்ட குரல் எனக்குக் கேட்கவில்லை. ஒரு நாட்டின் பண்பாட்டு நிறுவனம் தன் நாட்டைப் பற்றி எழுதும்போது நல்ல அறையைத் திறந்துகாட்டுவது இயற்கை. அதனால் அந்தப் புத்தகம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆசிரியர் தன் பங்கைச் சேர்க்க வேண்டும்.

அரபியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கேரள அரசுப் பாடத்திட்டத்தில் முதல் வகுப்பிலிருந்தே அரபி படிக்கலாம். பாடநூல்களை பூஜப்புரையில் உள்ள மாநிலக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுமமே தயாரிக்கிறது. 1980 ஜூலை 30 அன்று அரபி ஆசிரியர்களுக்கான புதிய நிபந்தனைகளை எதிர்த்து நடந்த போராட்டத்தில், மலப்புறத்தில் போலீஸ் சுட்டு மூன்று பேர் இறந்தார்கள். இத்தனை உயிர்ப்போடு இங்கே வேரூன்றிய மொழியோடு எந்த அயல்நாட்டுக் கொடியும் சேர்ந்து வரவில்லை.

கீதத்தைப் பாடவைப்பது பற்றி ஒரு வார்த்தை. 1985-இல் கேரளத்துப் பள்ளி ஒன்றில் மூன்று பிள்ளைகள் தம் மத நம்பிக்கை காரணமாக தேசியகீதம் பாடாமல், மரியாதையோடு எழுந்து மட்டும் நின்றார்கள். பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்தது. சொந்த நாட்டின் கீதத்தையே கட்டாயப்படுத்த முடியாத வகுப்பறையில், அயல்நாட்டுக் கீதத்தை மனப்பாடமாகப் பாடவைத்து மதிப்பெண் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்கவைக்கலாம், எழுதிய காலத்தையும் எதிரியையும் பேசலாம். பிரெஞ்சு தேசியகீதமான மார்சேயேஸ் 1792-இல் போர் அறிவித்த வாரத்தில் எழுந்த படைப்பாட்டு என்பதைச் சொல்லாமல் அதைப் பாடவைப்பது அந்தப் பாட்டுக்கே அநியாயம். புதுச்சேரியில் ஜூலை 14 அன்று கடற்கரைப் போர் நினைவிடத்தில் இரு நாட்டுக் கீதங்களும் ஒலிக்கின்றன. அதற்கு அங்கே வரலாறும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களும் இருக்கிறார்கள். பள்ளி விழாவில் பல நாட்டுக் கொடிகளை வரிசையாக வைப்பதென்றால் 2002 இந்தியக் கொடி விதித்தொகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் கொடிக்கு உரிய முதல் இடமும், மற்றவை ஆங்கில அகரவரிசையில் வர வேண்டும் என்பதும் அதில் உள்ளன.

இனி அந்த இரண்டாவது கேள்வி, நம் மாநில முத்திரையைப் பற்றியது. கேரள அரசின் முத்திரையில் சங்கைக் காக்கும் இரு யானைகளும் மேலே அசோகரின் சிங்கத் தலையும் இருக்கின்றன. சங்கு திருவிதாங்கூர் அரசின் சின்னம். அந்த அரசின் வாழ்த்துப்பாடலான வஞ்சீசமங்கலத்தை எழுதியவர் உள்ளூர் பரமேசுவரய்யர். 1956-க்கு முன் திருவிதாங்கூரோடு இருந்த இன்றைய குமரி மாவட்டத்தின் பழைய நினைவிலும் அந்தப் பாடலுக்கு இடம் உண்டு. மன்னராட்சி போன பிறகும் சங்கு எப்படித் தங்கியது, அசோகச் சின்னம் எப்போது மேலே வந்து உட்கார்ந்தது என்று ஜெர்மனியின் அரசுச் சின்னமான கழுகைப் படிக்கும் அதே பாடவேளையில் கேட்கலாம். 'எங்கள் மாநில முத்திரையில் இரண்டு யானைகள் உள்ளன' என்று ஜெர்மனில் சொல்ல முதலாண்டு இலக்கணமே போதும்.

இதே நகரத்திலிருந்து எதிர்த்திசையிலும் பாடம் போகிறது. 2009-இல் தொடங்கிய மலையாளம் மிஷன், உலகெங்கும் உள்ள மலையாளிப் பிள்ளைகளுக்கு மொழி கற்பிக்கிறது. அதன் நான்கு படிகளின் பெயர்கள் கணிக்கொன்ன, சூரியகாந்தி, ஆம்பல், நீலக்குறிஞ்சி. முதலாவது கேரளத்தின் மாநிலப் பூவான நம் சரக்கொன்றை. கொன்றை பூக்காத வளைகுடா நகரத்தில் பிறந்த பிள்ளைக்கு அதை எப்படிப் புரியவைப்பது என்று அந்த ஆசிரியர்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது. மரியானை இங்கே விளக்கும் ஆசிரியருக்கு அவர்களிடம் கேட்டறிய நிறைய இருக்கும்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளையின் பண்பாட்டுப் பகுதி வினாத்தாளை வாங்கிப் பாருங்கள். எல்லாக் கேள்வியும் 'என்ன', 'எப்போது' என்று இருந்தால், பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேசி முடித்ததும் ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள்: அடுத்த தேர்வில் 'ஏன் மாற்றினார்கள்' என்ற கேள்வி ஒன்றாவது வைக்க முடியுமா, அதற்குப் பிள்ளை தப்பும் தவறுமான பிரெஞ்சில் இரண்டு வரி எழுதினாலும் மதிப்பெண் கிடைக்குமா?