குடும்பம் யாருக்கு உண்டு?

நாடு காக்கப் புறப்படுகிறான் ஒருவன். வீடு காக்க நேரமில்லை அவனுக்கு! மனைவி மனம் கசந்து நிற்கிறாள். மகளோ பகைவர் கையில் சிக்குகிறாள். பதைபதைக்க வைக்கும் கதைதான், மறுக்கவில்லை நாம். ராஜ், டி.கே. இருவரும் படைத்த ‘தி ஃபேமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பருவம் அது. 2021 ஜூன் 4 அன்று அமேசான் பிரைம் வழியே வந்தது. மனோஜ் பாஜ்பாயின் நடிப்பில் குறைகாண நாம் முனையவில்லை.

ஆனால், முன்னோட்டம் வந்த நாள் எது? மே 19! முள்ளிவாய்க்காலில் மாண்டோரை எண்ணி முதல்நாள் ஏற்றிய விளக்கின் திரி கருகுமுன், ஈழப் போராளிப் பெண்ணைப் பயங்கரவாதியாக்கிக் காட்டினார்கள். பாகிஸ்தான் உளவுத்துறையோடு கைகோத்து, இந்தியப் பிரதமரைச் சென்னையில் கொல்ல முனைகிறது அவள் கூட்டம். இது வரலாறா? கற்பனை! வெகுண்டது தமிழகம். வைகோ எழுதினார், சீமான் கண்டித்தார். நம் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் தொகுதியில் வென்று, அன்று தகவல் தொழில்நுட்பத்துறை அமைச்சராயிருந்த மனோ தங்கராஜ், தடை கோரி ஒன்றிய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்கு மடல் தீட்டினார். தடை வரவில்லை, தொடர் வந்தது!

“பயங்கரவாதத்தை எதிர்ப்பது தவறா?” என்பர் சிலர். தவறென்று நாம் சொல்வோமா? 2020 ஜனவரி 8 இரவு, களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டாரே, அந்த மாவட்டத்து மக்கள் நாம்! காவலர் வீட்டுக் கண்ணீரின் சூடு நமக்குத் தெரியும்.

நாம் கேட்பது வேறு. அதிகாரிக்கு வீடு, மனைவி, மக்கள், பூசல், பாசம் அத்தனையும் தருகிறது கதை. ராஜிக்கு? இராணுவக் கொடுமைக்கு இரையானவள் என்று சிறிது நேரம் பேச்சு. மற்றதெல்லாம் வெறித்த பார்வை, கொலைத் திட்டம்! சமந்தாவின் முகத்துக்குக் கருமை பூசத் தெரிந்தவர்களுக்கு, அந்த முகத்துக்கு ஒரு குடும்பம் கொடுக்கத் தெரியவில்லையே!

பழவிளைக்கு வாருங்கள், பெருமாள்புரத்துக்கு வாருங்கள்! கடல் கடந்து வந்த ஈழக் குடும்பங்கள் அங்கே முகாம்களில் வாழ்கின்றன. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர், ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என 2021 ஆகஸ்டில் மாறியது. 1983இல் தொடங்கிய வருகைக்கு, பெயர் மாறவே 38 ஆண்டுகள்! பார்வை மாற எத்தனை ஆண்டுகளோ? முகாமிலிருந்து பள்ளிக்குப் போகும் சிறுமி தன் இருப்பிடம் சொன்னால், அருகிலிருக்கும் மாணவியின் கண்ணில் தோன்றுவது யார்? தோழியா, ராஜியா? நம் கவலை அதுதான்!

தடை கேட்பது ஒருநாள் முழக்கம். நாடகத்துக்கு நாடகமே விடை! இராவணனை நீதிமன்றத்தில் நிறுத்தித் தன் வழக்கைத் தானே பேச வைத்தார் அண்ணா, ‘நீதிதேவன் மயக்க’த்தில். சிரிக்க வைத்தே சிந்திக்க வைத்தார், நம் நாகர்கோவில் தந்த கலைவாணர். அந்த வழி அடைபட்டா போயிற்று? கூலிவேலை முடித்து முகாமுக்குத் திரும்பும் தந்தைக்கும் குடும்பம் உண்டு. அதிலும் பூசல் உண்டு, பாசம் உண்டு. அந்தக் கதையை எழுதட்டும் நம் இளைஞர்கள். பார்க்க நாம் காத்திருக்கிறோம்!