நஞ்சூட்டிய காலாள்

சதுரங்கக் காய்களுள் ஆற்றல் மிக்கது இராணி. அதனாலேயே அஃது எளிதில் அலைக்கழிக்கப்படுவதும் ஆகும். சிறிய காயொன்று தாக்கினும் இராணி விலகியே தீரவேண்டும். அவ்விடைவெளியில் எதிரி தன் காய்களை நன்னிலையில் அமர்த்திக்கொள்வான். ஆதலின் தொடக்கத்தில் இராணியைத் தனியே செலுத்துதல் தகாது என்பர். இவ்விதியை மீறும் துணிவு எப்போதும் தவறாகுமோ என்பது ஆராயற்பாலது.

சிசிலியன் தற்காப்பின் நய்டோர்ப் முறையில் 'நஞ்சூட்டிய காலாள்' எனும் பிரிவொன்றுண்டு. கறுப்பு இராணி 7ஆம் நகர்த்தலிற் புறப்பட்டு, 8ஆவதில் வெள்ளையின் இராணிப்பக்கக் குதிரைக்குரிய காலாளை வெட்டுகின்றது. 9ஆவதில், சிறைப்படாதிருக்கும் பொருட்டு ஓரத்துக்கு ஒதுங்குகின்றது. ஒரு காலாளுக்கு விலை மூன்று நகர்த்தல்கள். கறுப்பரசனோ இன்னும் நடுவிலேயே நிற்கின்றான். எனினும் வரவும் உண்டு: வெள்ளையின் இராணிப்பக்கம் தளர்கின்றது, தாக்குதல் ஓய்ந்தால் மிகுதிக் காலாள் இறுதி ஆட்டத்திற் பயன்தரும்.

1972இல் ஐசுலாந்தின் ரெய்க்யவிக் நகரில், உலகப் பட்டத்துக்காகப் பொரிஸ் ஸ்பாஸ்கியை எதிர்த்த பொபி பிஷர் இக்காலாளை இருமுறை வெட்டினார். 7ஆம் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. 11ஆம் ஆட்டத்தில் ஸ்பாஸ்கி தம் 14ஆம் நகர்த்தலாகக் குதிரையொன்றை அதன் தொடக்கக் கட்டத்துக்கே மீட்டார். பின்வாங்கல் போலத் தோன்றிய அது இராணியைத் தாக்கிற்று. நிலைகொள்ள இடமின்றி அலைந்த இராணி, 25ஆம் நகர்த்தலில் ஒரு காலாளுக்கே இரையாயிற்று. அவ்வாட்டத்திற் பிஷர் தோற்றார். எனினும் பட்டத்தை வென்றவர் அவரே.

இத்தோல்வி கொண்டு அந்நகர்த்தலைப் பிழையெனல் பொருந்தாது. குதிரை மீண்டபின்னும் கறுப்புக்குத் தக்க மறுமொழிகள் இருந்தன எனப் பின்வந்த ஆய்வாளர் காட்டினர். 1993இல் இலண்டனில் நைஜல் ஷோட்டுடன் பொருதிய கஸ்பரோவ், 4ஆம் ஆட்டத்தில் இதே காலாளை வெட்டி வென்றார். செவ்வனே ஆடின் கறுப்புத் தாக்குப்பிடிக்கும் என்பதே கணினி ஆராய்ச்சியின் துணிபுமாகும்.

எனவே இத்தகைய நகர்த்தலை எடைபோடுவோன் மூன்றினை வினவுதல் வேண்டும்: கிடைப்பது யாது? இராணி மீளும் வழி யாது? இழக்கும் நேரத்தில் எதிரி செய்யக்கூடியது யாது? இவற்றுள் முதலாவதற்கு விடை பலகையிலே வெளிப்படையாகக் கிடக்கின்றது. ஏனைய இரண்டுக்கும் விடை கணித்தே பெறப்படுவது. காலாளை வெட்டுதல் ஒரு நகர்த்தல். அதன் விலையோ அடுத்துவரும் பல நகர்த்தல்களிற் பிழையின்றி ஆடுதல். அவ்விலையைச் செலுத்த வல்லானுக்கே அத்துணிவு தகும்.