ஒரு சூத்திரம், இரண்டு வேகங்கள்

சென்ற மாதம், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி கணக்கு நோட்டும் கையுமாக வந்து நின்றாள். "தாத்தா, தனிவட்டிக்கு ஒரு சூத்திரம், அசலுக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று! எதை என்று மனப்பாடம் செய்வது?" என்று அலுத்துக்கொண்டாள். எனக்கு 1983 ஞாபகம் வந்துவிட்டது.

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த புதிது. வளைவில் வண்டி வெளிப்பக்கம் தள்ளப்படுவதைச் சமன்செய்ய, வெளித் தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போடுவோம். இந்த உயர்வுக்குக் 'கேண்ட்' என்று பெயர். அகலப் பாதைக்குச் சூத்திரம் இதுதான்:

தேவையான கேண்ட் = 1750 × வேகத்தின் வர்க்கம் ÷ (127 × ஆரம்)

கேண்ட் மில்லிமீட்டரில், ஆரம் மீட்டரில், வேகம் மணிக்குக் கிலோமீட்டரில். தேவையைவிடக் கேண்ட் 75 மி.மீ. வரை குறைந்திருக்கலாம் என்பது எங்கள் பிரிவில் அன்றிருந்த விதி.

ஒருநாள் மேலதிகாரி, "ஆரம் 875, போட்டிருக்கும் கேண்ட் 85. அதிகபட்ச வேகம் என்ன?" என்று கேட்டார். வேகத்திலிருந்து கேண்ட் கண்டுபிடித்துத்தான் எனக்குப் பழக்கம். 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற பள்ளிக்கூடப் பாடத்தை நம்பி, 85-இல் 75-ஐக் கழித்தேன். மிச்சம் 10. மணிக்கு 25 கி.மீ. என்று எழிதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அது அப்படியே மேலே போயிருந்தால், எக்ஸ்பிரஸ் வண்டியெல்லாம் அந்த வளைவில் மாட்டுவண்டியாகியிருக்கும்!

அவர் கோபிக்கவில்லை. "தம்பி, சூத்திரம் ஒரு தராசு. ஒரு தட்டில் செய்வதை மறு தட்டிலும் செய்யவேண்டும், அவ்வளவுதான். போட்ட கேண்டும் அனுமதித்த குறைவும் சேர்ந்ததுதானே தேவை?" என்றார்.

85-உம் 75-உம் 160. இருபுறமும் 127 × 875-ஆல் பெருக்கி, 1750-ஆல் வகுத்தால், வேகத்தின் வர்க்கம் 10,160. வர்க்கமூலம் 100.8. ஆக, 100 கி.மீ.

"விடையை மூலச் சூத்திரத்தில் திரும்பப் போட்டுப் பார்" என்றார். 100-க்குத் தேவை 157.5, போட்டிருப்பது 85, குறைவு 72.5. 75-க்குள் அடங்கிவிட்டது. "இப்போது கையெழுத்துப் போடலாம்."

பிறகு சிரித்தார். "உன் 25-உம் வீண் இல்லை. அந்த வேகத்துக்கு 10 மி.மீ. போதும், இருப்பதோ 85. மெதுவாகப் போகும் சரக்கு வண்டியின் பாரம் உள் தண்டவாளத்தில் சாயும். அந்த மிகைக்கும் எல்லை 75தான். நீ கண்டுபிடித்தது குறைந்தபட்ச வேகம்!"

பேத்தியிடம், "வட்டிச் சூத்திரம் ஒன்று போதும்" என்றேன். அசல் 5,000, வீதம் 8, வட்டி 1,200. தராசு முறையில் காலம் 3 ஆண்டு என்று கண்டாள். நான் சொல்லுமுன்பே திரும்பப் போட்டுப் பார்த்தாள். 1,200 சரியாக வந்தது. மற்ற இரண்டு சூத்திரங்களையும் அவளே பென்சிலால் அடித்துவிட்டாள்.