மோட்டார் சைக்கிளுக்கு ரேடார் டிடெக்டர் தேவையா?

என் சித்தப்பா மகன் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு இன்டர்நெட் இணைப்பும் எடுத்துவிட்டான். முதல் வாரமே எனக்குப் போன் வந்தது. "அண்ணே, நெட்ல ஒரு சாமான் பார்த்தேன். ரேடார் டிடெக்டராம். போலீஸ் நம்ம வேகத்தை அளக்கறதுக்கு முன்னாடியே பீப் அடிக்குமாம். பைக்ல மாட்டிக்கலாம்னு போட்டிருக்கு. நீங்க அமெரிக்காவுல பைக் ஓட்டினவர்தானே, வாங்கலாமா?" என்றான்.

அவனுக்குப் போனில் ஒரே வரியில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்பதை இங்கே விளக்குகிறேன். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வேலை பார்த்தபோது, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றில் இந்தக் கருவியை மாட்டி மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தவன் நான்.

வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்று வேக வரம்பு கொண்டு வந்தார்கள். நீண்ட நெடுஞ்சாலைகளில் இந்த வேகத்தில் ஊர்ந்து செல்லப் பலருக்குப் பொறுமை இல்லை. ரேடார் டிடெக்டர் விற்பனை சூடு பிடித்தது இந்தக் காலத்தில்தான். 1995இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, வேக வரம்பு மாநிலங்களின் பொறுப்பாகிவிட்டது. டிடெக்டர் மட்டும் மறையவில்லை.

போலீஸ்காரர் கையில் உள்ள ரேடார் துப்பாக்கி ரேடியோ அலைகளை அனுப்புகிறது. அவை வண்டியில் பட்டுத் திரும்புகின்றன. வண்டி நம்மை நோக்கி வந்தால் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடும். விலகிப் போனால் குறையும். ஹாரன் அடித்தபடி வரும் ரயில் நம்மைக் கடந்தவுடன் அதன் ஓசை சட்டென்று இறங்குகிறது அல்லவா? அதே தத்துவம்தான். இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். ஆஸ்திரிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் விளக்கியது.

அமெரிக்கப் போலீசார் பயன்படுத்தும் ரேடார்களில் ஒரு வகை 24.15 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இதனைக் கே பேண்ட் என்பார்கள். உங்கள் கம்ப்யூட்டர் பிராசசரின் வேகத்தைச் சொல்லும்போது வரும் அதே கிகாஹெர்ட்ஸ்தான். மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் வண்டியில் பட்டால் இந்த அலையில் ஏற்படும் மாற்றம் சுமார் 4,300 ஹெர்ட்ஸ். இந்தச் சிறு மாற்றத்தைக் கணக்கிட்டு வேகத்தைத் திரையில் காட்டுகிறது கருவி. இன்று அதிகம் பயன்படும் கேஏ பேண்ட் 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ளது.

டிடெக்டர் என்ன செய்கிறது?

இது ஒரு ரேடியோ ரிசீவர், அவ்வளவுதான். இந்த அலைவரிசைகளில் ஏதாவது வருகிறதா என்று ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். வந்தால் பீப் அடிக்கும்.

இருட்டுத் தெருவில் ஒருவர் டார்ச் லைட்டுடன் யாரையோ தேடி வருவதாக வைத்துக் கொள்ளுங்கள். அந்த வெளிச்சத்தில் அவர் உங்களைக் காணும் முன்பே, நீங்கள் அவருடைய டார்ச்சைத் தெருக்கோடியிலேயே பார்த்துவிடுவீர்கள். ரேடாரிலும் அப்படித்தான். அலை போய்த் திரும்பி வந்தால்தான் போலீசுக்குப் பயன். டிடெக்டருக்கு ஒருவழிப் பயணமே போதும். தூரம் இரண்டு மடங்கானால் டிடெக்டருக்குக் கிடைக்கும் சிக்னல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். போலீசுக்குத் திரும்பும் சிக்னலோ பதினாறில் ஒரு பங்காகிவிடும். டிடெக்டர் முந்திக்கொள்வது இதனால்தான்.

ஆனால் அவர் டார்ச்சை அணைத்து வைத்திருந்து, நீங்கள் அருகில் வந்ததும் முகத்தில் அடித்தால்? போலீசாரும் ரேடாரை அணைத்தே வைத்திருந்து, வண்டி பக்கத்தில் வந்தபின் பட்டனை அழுத்துகிறார்கள். பீப் ஒலிக்கும்போது உங்கள் வேகம் திரையில் வந்திருக்கும். உங்களுக்கு முன்னால் போகும் வண்டியை அவர் அளந்திருந்தால்தான் உங்கள் கருவிக்கு முன்கூட்டியே தெரிய வாய்ப்பு.

லேசர் துப்பாக்கி இன்னும் சிக்கலானது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித்துடிப்புகளை அனுப்பி, அவை திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. 300 மீட்டர் தூரத்தில் ரேடாரின் கற்றை சாலையின் அகலத்தையும் தாண்டிப் பரவும். லேசர் கற்றையின் அகலம் அங்கே சுமார் ஒரு மீட்டர்தான். எந்த வண்டியைக் குறி பார்க்கிறாரோ அதன் மேல் மட்டுமே படும். அளவீடு அரை நொடியில் முடிந்துவிடும். மோட்டார் சைக்கிள் சிறியது என்பதால் குறி வைப்பது சற்றுக் கடினம். ஆனாலும் ஹெட்லைட் நன்றாகவே ஒளியைத் திருப்பி அனுப்பும்.

பொய் அலாரம்

என்னை அதிகம் படுத்தியது இதுதான். தானாகத் திறக்கும் கடைக் கதவுகளில் உள்ள சென்சார்கள் கூட இதே அலைவரிசைகளில் இயங்கக்கூடியவை. இப்போது பல கார்களில் பக்கவாட்டு வண்டிகளைக் கண்டறிய 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் இருக்கிறது. அப்படி ஒரு கார் அருகில் வந்தாலே பீப்.

இமெயிலில் வேண்டாத கடிதங்களை வடிகட்ட ஸ்பாம் பில்டர் இருப்பது போல, விலை உயர்ந்த டிடெக்டர்களிலும் பில்டர் சாப்ட்வேர் உண்டு. ஜி.பி.எஸ். உள்ள மாடல்கள் தினமும் ஒரே இடத்தில் வரும் சிக்னலை நினைவில் வைத்து ஒதுக்கிவிடும். யு.எஸ்.பி. கேபிளால் கம்ப்யூட்டருடன் இணைத்து அப்டேட்டும் செய்யலாம். கடைக் கதவு இடம் மாறாது, அதனை ஒதுக்கிவிடலாம். உடன் ஓடிவரும் காரை இடத்தை வைத்து ஒதுக்க முடியாது. பில்டரை இறுக்கினால் உண்மையான எச்சரிக்கையும் தாமதமாகலாம்.

மோட்டார் சைக்கிளில் வரும் தொல்லைகள்

காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் பீப் கேட்கும். மோட்டார் சைக்கிளில் காற்றின் இரைச்சலும் ஹெல்மெட்டும் சேர்ந்து அதனை விழுங்கிவிடும். ஆகவே ப்ளூடூத் ஹெட்செட் அல்லது கண்ணெதிரே மின்னும் எல்.இ.டி. விளக்கு தேவை. மழை, அதிர்வு, திருட்டுப் பயம் எல்லாம் தனி. நல்ல கருவி சில நூறு டாலர். மற்ற சாமான்களுக்கு மேற்கொண்டு செலவு.

ராலே நகருக்கு வெளியே ஒரு நாள் மணிக்கு 60 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். ஹேண்டில்பாரில் விளக்கு மின்னியது. போலீசா, பக்கத்துக் காரா என்று குனிந்து திரையைப் பார்த்தேன். இரண்டு நொடி இருக்கும். அந்த வேகத்தில் இரண்டு நொடி என்றால் 54 மீட்டர். நிமிர்ந்தபோது முன்னால் சென்ற வேன் பிரேக் போட்டிருந்தது. சாலையோரத்து மண்ணில் வண்டியை இறக்கித் தப்பித்தேன். கை நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது. மின்னியது பக்கத்துக் காரின் ரேடாருக்காக. அந்த வாரமே கருவியைக் கழற்றிவிட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

வட கரோலினாவில் சொந்த வண்டியில் டிடெக்டர் வைக்கத் தடையில்லை. பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவில் தடை உண்டு. பைக் பிரியர்களுக்குப் பிடித்த ப்ளூ ரிட்ஜ் பார்க்வே சாலை 469 மைல் நீளத்தில் இரண்டு மாநிலங்களையும் இணைக்கிறது. எல்லை தாண்டினால் அதே கருவி குற்றப் பொருள். ஒளித்து வைப்பதும் எளிதல்ல. டிடெக்டரின் உள்ளே இருக்கும் ஆஸிலேட்டரிலிருந்து கசியும் மெல்லிய அலையைப் பிடிக்கும் கருவிகளும் இருக்கின்றன.

வர்ஜீனியாவில் வேக வரம்பை 20 மைல் தாண்டினாலோ, மணிக்கு 85 மைலுக்கு மேல் சென்றாலோ அது வெறும் அபராத விஷயமில்லை, கிரிமினல் குற்றம். உச்ச தண்டனை 12 மாதச் சிறை, 2,500 டாலர் அபராதம். கைது செய்யப்பட்டோ தண்டிக்கப்பட்டோ இருக்கிறீர்களா என்று அமெரிக்க விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும். விசாவில் போய் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் இதனை நினைவில் வைக்க வேண்டும். பீப் ஒலியை நம்பி இந்த வேகத்தில் போவது வேலையையே பணயம் வைப்பதாகும்.

சரி, நம் ஊருக்கு?

இங்கு இன்டர்செப்டர் வாகனங்களில் லேசர் துப்பாக்கிகள் உண்டு. சில சாலைகளில் காமிராக்கள் இரண்டு இடங்களில் நம்பர் பிளேட்டைப் படமெடுத்து, இடைத் தூரத்தைக் கடந்த நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிடுகின்றன. இதில் பிடிப்பதற்கு ரேடார் அலையே கிடையாது. டிடெக்டர் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அமெரிக்காவின் 2022 கணக்குப்படி, உயிர்ப்பலி ஏற்பட்ட விபத்துகளில் சிக்கிய மோட்டார் சைக்கிள் ஓட்டிகளில் 35 சதவீதம் பேர் அதிவேகமாகச் சென்றவர்கள். மண் சறுக்கலையும், குறுக்கே திரும்பும் காரையும் எந்த டிடெக்டரும் சொல்வதில்லை.

இன்டர்நெட்டில் ஒரு கருவியின் விளம்பரத்தைப் பார்த்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது எதனை உணர்கிறது? உணர்ந்ததை எனக்கு எப்படி, எப்போது சொல்கிறது? டிடெக்டர் இரண்டிலும் மோட்டார் சைக்கிள்காரரைக் கைவிடுகிறது. தம்பியிடம் அந்தப் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும் புது டயரும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் அதுவே.